தறிக்குழியும் எலியும்

தறி கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் நாடாவைக் கொடுப்பதில்லை. டார்ச் விளக்கைக் கொடுத்துக் குழிக்குள் அடித்துப் பார்க்கச் சொல்வேன். மிதிக்கட்டைக்குக் கீழே மண் ஈரமாக இருக்கிறதா, மூலையில் புழுக்கை கிடக்கிறதா, விழுதுக் கயிற்றில் பல் பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் கால் இறக்கலாம். பட்டு நெய்ய வந்தவனுக்கு எதற்கு இந்த எலி ஆராய்ச்சி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் குழித்தறியில் உட்கார்ந்தே வயதைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எலியின் நடமாட்டம் தெரியாதவனுக்குத் தறி பாதிதான் தெரியும்.

எலி நம் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் பட்டு இல்லை, கஞ்சி. பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு, விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து உலர்த்துகிறோமே, அந்தக் கஞ்சி வாசனை எங்கே போனாலும் அதற்குத் தெரியும். பாவைத் தறியில் ஏற்றிய முதல் வாரம்தான் ஆபத்து அதிகம். ராத்திரி ஒரு சுண்டெலி படமரத்திலிருந்து அச்சு வரை ஓடிவிட்டால் போதும், காலையில் இருபது முப்பது இழை தொங்கும். ஒவ்வோர் அறுந்த இழைக்கும் துணை இழை வைத்து முறுக்கி, விழுதுக் கண்ணில் கோத்து, அச்சுப் பல்லில் இழுத்து முடிப்பதற்குள் அந்த நாள் போய்விடும். ஒரு பாவில் மூன்று சேலை. முதல் சேலையின் உடலிலேயே முடிச்சு தெரிந்தால் கூலியில் கை வைப்பார்கள். ஜக்கார்டு அட்டையின் ஓரத்தைக் கடித்து ஓட்டையைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். கரையில் இருக்கிற அன்னத்துக்குக் கழுத்து இருக்காது. மூன்று முழம் நெய்த பிறகுதான் கண்ணில் படும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. அவருக்குக் கடைசி காலத்தில் பார்வை மங்கிவிட்டது. ஆனால் புறங்கையால் பாவின் மேல் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க ஓடியிருக்குடா" என்பார். எலி மூத்திரம் பட்டுக் காய்ந்த இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கைக்கு ஒரு சொரசொரப்பு தெரியும். நாம் கண்ணை அகல விரித்துப் பார்த்தாலும் தெரியாத அந்த ஈர்க்குச்சி அகலத்தை அவர் கை கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் அவர் செய்கிற அடுத்த காரியத்தைத்தான் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது. நேராகக் கிணற்றடிக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். கழுவாமல் வெற்றிலைப் பெட்டியைத் தொட மாட்டார். கிருமி என்ற பேச்சையே அவர் பேசியதில்லை. "அது நடந்த இடத்த தொட்ட கையி வாய்க்குப் போவக் கூடாது" என்பார், அவ்வளவுதான்.

நம் தொழிலில் கை வாய்க்குப் போவது சாதாரணம். அறுந்த இழையை முறுக்கும்போது எச்சில் தொட்டுக்கொள்வது, நாடாக் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது, நுனியைப் பல்லால் கடித்து அறுப்பது, எல்லாம் பழக்கம். எலி ஓடிய பாவில் இதைச் செய்தால் அதன் புழுக்கையும் மூத்திரமும் நேராக நம் வயிற்றுக்குள் போகின்றன. சுண்டெலியின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது வந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வீட்டிலேயே தறி, அதற்கு அடுத்த அறையில் அடுப்பு என்று வாழ்கிற நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும், இன்னொன்றில் சலித்த சாம்பலும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எச்சில் தேவைப்படாது. பாவு பிணைக்கிற வயதான பெண்கள் சாம்பலைத் தொட்டு முறுக்குவதைப் பாருங்கள். முறுக்கு நழுவாது, கை வறண்டிருக்கும், வாய்க்கும் வேலை இல்லை.

எலி எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் திரிகிற சுண்டெலி ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் உள்ளே வந்துவிடும். ஓட்டுக்கூரையிலும் வாரையிலும் ஓடுவது கறுப்பெலி. சாக்கடையிலிருந்து கிளம்பி மண்ணைக் குடைந்துகொண்டு நேராகத் தறிக்குழிக்கே வழி போடுவது பெருச்சாளி. வரதராஜப் பெருமாள் கோயிலில் கருட சேவை முடிந்த வாரம் எச்சில் இலை குவிந்து கிடக்கும்போது இதன் ஆட்டம் அதிகம். மூஞ்சூறு எலி சாதியே இல்லை. நீண்ட மூக்கோடு கீச்சுக் கீச்சென்று சுவரோரமாக ஓடிக் கரப்பானைத் தின்னும், பாவைக் கடிக்காது. பிள்ளையார் வாகனம் என்று அதை யாரும் அடிப்பதில்லை, நானும் அடிப்பதில்லை. ஆனால் வெறுங்கையால் தொடவும் மாட்டேன். நமக்குப் பக்கத்து வேலூரில், தோட்டப்பாளையத்தில் 1964இல் பிடித்த ஒரு மூஞ்சூறிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தோட்டப்பாளையம் வைரஸ் என்றே உலகம் முழுக்க அதற்குப் பெயர். மனிதரை அது நோயாளியாக்கியதாகத் தெரியவில்லை என்கிறார்கள். இருந்தாலும் காட்டுப் பிராணியின் உடம்புக்குள் என்னென்ன இருக்கும் என்பதற்கு அது போதும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் பட்டைக் காப்பாற்றத்தான் எலியை விரட்டுகிறோம். பாவைத் துணியால் மூடுகிறோம், அட்டையை உயரத்தில் கட்டுகிறோம். காலைப் பற்றி நினைப்பதில்லை. எலியால் வருகிற ஆபத்துகளில் பெரியது தறிக்குழிக்குள் கால் வழியாக வருவது. அதன் பெயர் எலிக்காய்ச்சல், மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். திருகாணி போலச் சுருண்ட ஒரு பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்குத் தின்று, ஓடி, மூத்திரம் பெய்துகொண்டே இருக்கும். மூத்திரத்தோடு வெளியே வந்த கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்தால் செத்துவிடும். நம் உடம்புக்குள் அது நுழைய ஒரு கீறல் போதும். தண்ணீரில் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும்.

இதைத் தறிக்குழியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்தால் நம் பகுதியில் நிலத்தடித் தண்ணீர் ஏறிக் குழியில் ஊற்று கிளம்பும். வேகவதி கரையை ஒட்டின தெருக்களில் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். வளையில் தண்ணீர் புகுந்த எலிகள் மேட்டைத் தேடி வீட்டுக்குள் ஏறும். அந்த ஈரக்குழியில் வெறுங்காலை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் மிதிக்கிறோம். பித்தவெடிப்பு இல்லாத குதிகால் நெசவாளிக்கு ஏது? மிதிக்கட்டையின் சிம்பு குத்திய விரலோடு எத்தனை பேர் மிதித்துக்கொண்டிருக்கிறோம்? இந்தக் கிருமியை 1915இல் ஜப்பானில் இனாதாவும் இதோவும் கண்டறிந்தபோது, நோயில் விழுந்துகொண்டிருந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். நெல் வயலில் நிற்கிறவர், கரும்பு வெட்டுகிறவர், சாக்கடையில் இறங்குகிறவர், இவர்களையெல்லாம் தேடிப் போகிற நோய் இது. ஈர மண்ணில் கால் வைத்துப் பிழைக்கிற யாருக்கும் இதில் பங்கு உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மழைவெள்ளத்துக்குப் பிறகு மர்மக் காய்ச்சல் என்று பரபரப்பாகிச் சாவுகள் நடந்தன. பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

2015 வெள்ளத்தை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழியில் முழங்கால் உயரம் தண்ணீர். வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, தை முகூர்த்தத்துக்குச் சேலை கொடுக்க வேண்டுமே என்று மறுநாளே உட்கார்ந்தவர்கள் பலர். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி உட்கார்ந்தார். பத்து நாளில் குளிர் காய்ச்சல். கெண்டைக்கால் சதையைத் தொட விடவில்லை. "நாள் பூரா மிதிச்சா வலிக்காம என்னா பண்ணும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. ராத்திரி விளக்கில் கோர்வை பார்த்ததால் என்று நினைத்தார். தெருவில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மூத்திரம் குறைந்து முகம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகம் அடங்கிப்போய் ரத்தச் சுத்திகரிப்பு வரை போய்ப் பிழைத்து வந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. எலிக்காய்ச்சலின் அடையாளங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிற இரண்டு, கெண்டைக்கால் சதை வலியும் பீளையில்லாத கண் சிவப்பும். இந்த இரண்டும் நெசவாளிக்கு எப்போதும் இருப்பவை. நாம் இதைத் தொழில் வலி என்று ஒதுக்கிப் பழகியவர்கள். மற்றவர்களை எச்சரிக்கிற மணி நமக்குக் கேட்காமலே போய்விடுகிறது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு இந்த வலி வந்தால், அது மிதியின் வலி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் கால் வைத்ததிலிருந்து பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். ஒரு மாதம் வரைகூடத் தள்ளிப் போகும். ஆரம்பத்திலேயே போனால் டாக்சிசைக்கிளின், பென்சிலின் போன்ற சாதாரண மருந்திலேயே குணமாகிற நோய்தான். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு முன்கூட்டியே டாக்சிசைக்கிளின் கொடுத்தார்கள். அதை நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது எல்லா நேரமும் ஒத்துவராது.

குழியைக் காய வைப்பது ஒரு வேலை. அதையும் கற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீரை இறைத்தவுடன் சேற்றை வாரி வெளியே போடுங்கள். அதைத் தொடுகிறவர் ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளட்டும். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்து நான்கு சுவரிலும் தரையிலும் விட்டு ஊற வைத்துக் கழுவுங்கள். அதன் மேல் உடனே பாவை இறக்காதீர்கள், பிளீச்சிங் நெடி பட்டையும் ஜரிகையையும் கெடுக்கும். விசிறியைக் குழிக்குள் திருப்பி வைத்து ஓடவிட்டு, புறங்கை வைத்தால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். மழை விடாமல் பெய்தால் அந்த வாரம் ராட்டை சுற்றுங்கள், தார் போடுங்கள், அட்டை தையுங்கள். குழிக்குச் செங்கல் கட்டிச் சிமெண்டு பூச முடிந்தவர்கள் பூசிவிடுவது நல்லது; பெருச்சாளி வழி போட முடியாது. பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். எந்த மிதி எவ்வளவு இறங்குகிறது என்று பாதம்தான் சொல்லும். அதனால் உட்காரும் முன் காலைப் பாருங்கள். வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். எழுந்ததும் முதல் வேலையாகச் சோப்பு போட்டுக் காலைக் கழுவுங்கள்.

புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குகிற பழக்கம் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தூசாகப் பறந்து மூக்கில் ஏறும். பிளீச்சிங் தண்ணீரைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, பழந்துணியாலோ காகிதத்தாலோ வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் எலியின் மூத்திரத் தூசி இழுப்பைத் தூண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை இந்த வேலைக்கு விடவே கூடாது. சுண்டெலியிடமிருந்து வருகிற ஒரு வகை வைரஸ் வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கும்.

பொறி வைப்பதிலும் பக்குவம் உண்டு. பெரிய எலி சந்தேகப் பிராணி. புதிதாக ஒரு பொருளைப் பார்த்தால் இரண்டு நாள் கிட்டே வராது. அதனால் கூண்டைத் திறந்தே வைத்து, மசால் வடையைத் தின்று பழக விட்டு, அப்புறம் கொக்கியை மாட்ட வேண்டும். சுண்டெலி அப்படி இல்லை, புதியதைக் கண்டால் முகர்ந்து பார்க்க ஓடி வரும். அன்றைக்கே சிக்கும், ஆனால் அதன் வட்டாரம் சிறியது. ஒரு பொறியை வாசலில் வைத்துவிட்டுப் படமரத்தில் ஓடுவதைப் பிடிக்க முடியாது. சில அடி தூரத்துக்கு ஒன்றாகச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். சுட்ட தேங்காய்த் துண்டுக்கு வராத எலியை நான் பார்த்ததில்லை. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். கடித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். எலிக்கடிக் காய்ச்சல் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

அறுவடை முடிந்த வயல்களில் வளை தோண்டி எலி பிடிக்கிற இருளர் மக்களைச் சுற்றுவட்டக் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். வளை வாயில் பானையை வைத்துப் புகை ஊதி, மண்ணின் நிறத்தைப் பார்த்தே எத்தனை வழி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெருச்சாளி வளையை அடைக்க ஒருமுறை அப்படி ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். நான் சிமெண்டு வைத்திருந்த வாயைப் பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் துளசி மாடத்துக்கு அடியில் இருந்த இன்னொரு வாயைக் காட்டினார். ஒரு வாயை மட்டும் அடைத்தால் அது தறிப்பக்கம்தான் திரும்பும் என்றார். உடைந்த கண்ணாடித் தூளைச் சிமெண்டில் கலந்து இரண்டையும் ஒரே நாளில் அடைத்த பிறகுதான் அடங்கியது. அந்த வித்தை புத்தகத்தில் கிடைக்காது. அவர்களுக்கு இந்த நோய்களின் ஆபத்து நம்மைவிட அதிகம். வேலை கொடுக்கிறவர்கள் கையுறையும் சோப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

விஷம் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. வீடே தறிக்கூடமாக இருக்கும் இடத்தில் தவழ்கிற பிள்ளையும் பாவும் ஒரே தரையில்தான் இருக்கின்றன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை ஈரலையே அழித்துவிடும், தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்ததே அதனால்தான். 2024 நவம்பரில் நம் மாவட்டத்துக் குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் படுத்துத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. எலியால் வரும் நோய்க்குப் பயந்து பிள்ளையை இழப்பதா?

சூரத்தை நாம் ஜரிகைக்காக அறிவோம். 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் என்ற செய்தி வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஜரிகைக் கட்டைத் தொடலாமா என்று இங்கே தெருவில் பேசிக்கொண்டார்கள். பிளேக் வருவது எலியின் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி கடித்து; நுரையீரல் பிளேக் என்றால் நோயாளியின் இருமலிலிருந்தும் வரும். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்ட தலைமுறைக்கு அந்தப் பயம் தெரியும். சூரத் அதற்குப் பிறகு குப்பையை அள்ளிச் சாக்கடையைச் சீராக்கி நாட்டிலேயே சுத்தமான ஊர்களில் ஒன்றாக மாறியது. எஸ்.ஆர். ராவ் என்ற மாநகராட்சி ஆணையர் அதை முன்னின்று செய்தார். பட்டுக்குப் பேர்போன நம் ஊரும் வேகவதியை அப்படி அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. தனித்தனியாக நாம் வைக்கிற பொறி எத்தனையானாலும் ஆற்றங்கரைக் குப்பை எலி பெற்றுப்போட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு காய்ச்சலும் உண்டு. புதரிலும் விறகுக் குவியலிலும் எலியை ஒட்டி வாழ்கிற நுண்ணிய உண்ணிப்பூச்சியின் குஞ்சு கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ். 2024 டிசம்பர் கடைசியில் சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. கடித்த இடத்தில் பீடி சுட்டது மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று மறைவான இடத்தில் இருப்பதால் வெட்கப்பட்டுக் காட்டாமல் விட்டவர்கள் உண்டு. காட்டினால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

தறியில் உட்காரும் தம்பிகளுக்கும், ராட்டை சுற்றும் தங்கைகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாளே மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் குழித்தறி நெய்றேன் டாக்டர். குழியில தண்ணி நின்னுச்சு. வீட்டுல எலி இருக்கு. கெண்டக்கால் வலிக்குது." டெங்குவா, டைபாய்டா என்று தேடிக்கொண்டிருக்கிற மருத்துவருக்கு இந்த நான்கு வரி எந்த ரத்தப் பரிசோதனையை எழுத வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.